சாவி யார் கையில்?

நியூசிலாந்து நாட்டின் தலைநகரான வெலிங்டனில், தெ பாப்பா என்னும் தேசியப் பொருட்காட்சி நிலையத்திற்கு உரிய உடைந்த வெண்கல மணி ஒன்று உண்டு. அதன் விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்துக்கள்! முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி அது என்று அந்த எழுத்துக்கள் அறிவிக்கின்றன. 1836-ம் ஆண்டு வாக்கில், வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் அந்நாட்டின் வட பகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றில் அதைக் கண்டார். மணியைத் தலைகீழாக்கி, அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்தார்கள் மாவோரி மக்கள்.

எந்தத் தமிழ்க் கப்பல், எந்தப் புயலில் சிக்கி, அந்தத் தென்கோடிக் கரையில் தன் மணியை விட்டுப் போயிற்று? இன்றுவரை விடையில்லை. விடையில்லாததால் மேடைப் பேச்சாளர்களுக்குக் கொண்டாட்டம். தமிழன் கால் படாத கரையுண்டோ என்று முழங்குவார்கள். நாமும் கைதட்டி மகிழ்ந்திருக்கிறோம். ஆனால், அந்த அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் யார்? அவர்கள் பேசிய மொழி என்ன ஆயிற்று? அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நோயில் வீழ்ந்தது எதனால், மீண்டும் எழுந்தது எதனால்? மணியைப் பற்றிக் கேட்டவர் பலர். மக்களைப் பற்றிக் கேட்டவர் மிகச் சிலர்.

கேட்கவேண்டிய காலம் இது. 2024-ம் ஆண்டு சூன் திங்கள் 30-ம் நாள் அந்த நாட்டில் ஒரு கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. அது எந்தக் கதவு, யார் திறந்தது, யார் சாத்தியது என்பதைச் சொல்லுமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

1840 பிப்ரவரி 6-ம் நாள், வைட்டாங்கி என்ற இடத்தில் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆங்கிலத்தில் ஒரு படிவம், மாவோரி மொழியில் ஒரு படிவம். கையெழுத்திட்ட 500-க்கு மேற்பட்ட தலைவர்களில் மிகப் பலர் மாவோரிப் படிவத்தில்தான் கையெழுத்திட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை! நாட்டின் இறையாண்மை முழுவதும் விக்டோரியா அரசிக்கு என்றது ஆங்கிலப் படிவம். நிலமும் ஊரும், 'தவோங்கா' அனைத்தும் எப்போதும்போலத் தலைவர்களின் ஆளுரிமையிலேயே இருக்கும் என்றது மாவோரிப் படிவம். தவோங்கா என்றால் போற்றிக் காக்கவேண்டிய அருஞ்செல்வம் என்று பொருள். இந்தச் சொல் பின்னால் வரப்போகிறது, மறவாதிருங்கள்.

அப்போது மாவோரிகள் ஏறத்தாழ 80,000 பேர். 1896-ம் ஆண்டு தலை எண்ணியபோது எஞ்சியிருந்தவர் 42,000 பேர்தான். தட்டம்மை, இன்புளுயன்சா, காசநோய், நச்சுச் சுரம் என்று வெள்ளையரின் கப்பல்கள் இறக்குமதி செய்த நோய்கள் ஒருபுறம். 1860-களின் போர்களும், அதைச் சாக்கிட்டு 30 இலட்சம் ஏக்கருக்குமேல் பறித்துக்கொண்ட நிலப் பறிமுதலும் மறுபுறம். நிலம் போனால் உணவு போகும். உணவு போனால் நோய்க்கு வேறு விருந்து வேண்டுமா?

1856-ல் ஐசக் ஃபெதர்ஸ்டன் என்ற அரசியல் பிரமுகர் இதைப் பற்றிக் கருத்துச் சொன்னார். அந்த இனம் மறைந்துகொண்டிருக்கிறது. நல்லவர்களாகிய நாம் செய்யக்கூடியது, அவர்கள் தலைசாய்த்துச் சாகும் தலையணையைச் சரிசெய்து கொடுப்பதுதான் என்ற பொருள்படப் பேசினார். என்னே பரிவு! என்னே பண்பு! இதில் இன்னொன்றையும் குறிப்பிடவேண்டும். ஃபெதர்ஸ்டன் தொழிலால் டாக்டர்.

கல்வியின் கதை இன்னும் விசித்திரமானது. 1867-ம் ஆண்டு சுதேசிப் பள்ளிச் சட்டம் வந்தது. பள்ளி வேண்டுமென்றால் ஊரார் நிலம் கொடுக்கவேண்டும். கட்டிடச் செலவிலும் ஆசிரியர் சம்பளத்திலும் பங்கு கொடுக்கவேண்டும். பாடம் மட்டும் ஆங்கிலத்தில். ஊரார் கொடுத்தார்கள். ஆங்கிலம் தெரிந்தால் பிள்ளை வியாபாரம் செய்வான், நிலப் பத்திரத்தைப் படித்து ஏமாறாதிருப்பான் என்று எண்ணினார்கள். அவர்கள் கேட்டது இன்னொரு மொழியை. பள்ளியோ, இருந்த மொழியை எடுத்துக்கொண்டது. பள்ளி வளாகத்தில் தாய்மொழியில் ஒரு சொல் பேசிய பிள்ளைக்குப் பிரம்படி! இப்படி அடிபட்டவர்கள் நரைத்த தலையோடு 1985-ம் ஆண்டு வைட்டாங்கி விசாரணை மன்றத்தின் முன் வந்து, அறுபது ஆண்டு ஆறாத அந்தத் தழும்பைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள்.

அடிபட்ட பிள்ளை வளர்ந்து தாயாகும்போது என்ன செய்வாள்? தன் குழந்தையும் அடிபடக் கூடாது என்று வீட்டிலும் ஆங்கிலத்தையே பேசுவாள். கணக்கைப் பாருங்கள். 1913-ல் மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 90 பேர் தாய்மொழி பேசினர். 1953-ல் 26 பேர். 1975-ல் 5 பேருக்கும் குறைவு. இதற்கிடையே கிராமங்களைவிட்டு நகர ஆலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் பிழைக்கப் போன பெரும் இடப்பெயர்ச்சியும் நடந்தது. பிரம்பு தொடங்கியதை நகரம் முடித்தது.

இனி மருத்துவத்துக்கு வருவோம். 'அவர்கள் அறியாத மக்கள், மருந்தை வெறுப்பவர்கள், மூட நம்பிக்கையில் மூழ்கியவர்கள்' என்பதுதான் அன்றைய அதிகாரிகளின் நிலையான பல்லவி. இந்தப் பல்லவி எல்லா நாட்டுக் காட்டோரத்திலும் மலையோரத்திலும் பாடப்படுவதுதான். அதைப் பொய்யாக்கிக் காட்டியவர் டாக்டர் மாவுயி போமரே. 1881-ல் பரிஹாக்கா என்ற ஊரைப் படைகள் சூழ்ந்தபோது ஐந்தாறு வயதுப் பாலகனாக அங்கே இருந்தவர். படைவீரன் குதிரையின் குளம்பு மிதித்துக் கால்விரல் ஒன்றை இழந்தவர் என்பர். அமெரிக்கா சென்று படித்து, 1899-ல் பட்டம் பெற்று, மாவோரி இனத்தின் முதல் டாக்டராகத் திரும்பினார். 1901-ல் மாவோரி மக்களுக்கான சுகாதார அதிகாரி ஆனார். 1905-ல் பீட்டர் பக் என்ற தெ ராங்கி ஹிரோவா அவருடன் சேர்ந்துகொண்டார்.

இவர்கள் செய்ததென்ன? மருந்துப் பெட்டியைத் திறக்குமுன் வாயைத் திறந்தார்கள். அதுவும் அந்த மக்களின் மொழியில், அந்த மக்களின் ஊர் மன்றமாகிய மராயேயில், முன்னோர் பெயர்களை வரிசையாகச் சொல்லி, முறைப்படி வணங்கி, பிறகு சாக்கடையைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் கக்கூசைப் பற்றியும் பேசினார்கள். கேட்டவர்கள் எழுந்துபோய்த் தங்கள் குடிசைகளைத் தாங்களே இடித்தார்கள்! 1904 முதல் 1909 வரை ஆறே ஆண்டுகளில் காற்றோட்டமற்ற வீடுகள் 1,200-க்கு மேல் இடிக்கப்பட்டன. 2,000-க்கு மேல் புதிய வீடுகள் எழுந்தன. மருந்தை வெறுப்பவர்களா இவர்கள்? வெறுத்தது மருந்தையல்ல, மருந்தை நீட்டிய கையின் அலட்சியத்தை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். 1907-ல் டொஹுங்கா ஒடுக்குச் சட்டம் வந்தது. டொஹுங்கா என்போர் மந்திரமும் மூலிகையும் மரபறிவும் தெரிந்த பூசாரி வைத்தியர்கள். அவர்களைத் தண்டிக்க வழிசெய்த அந்தச் சட்டத்தைப் போமரேயும் ஆதரித்தார், பக்கும் ஆதரித்தார். காரணமில்லாமலா? சுரத்தில் கொதிக்கும் குழந்தையைக் குளிர்ந்த ஆற்றில் முக்கிக் கொன்ற போலிகளை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். போலியை ஒழிக்கவேண்டியதுதான், மூட நம்பிக்கைக்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் சட்டம் போலியையும் மூலிகையறிந்தவனையும் பிரித்துப் பார்க்கவில்லை. 1962-ல்தான் அது நீக்கப்பட்டது. அதற்குள் மூலிகை அறிந்த கிழவர்கள் அறிந்ததைச் சொல்லாமலே மாண்டு போனார்கள்.

போமரே டாக்டர். தெ புயா ஹெராங்கி டாக்டரல்லர். வைக்காட்டோ நாட்டின் அரச குடும்பத்துப் பெண்மணி. 1913-ல் அம்மை பரவியபோது, வெள்ளையர் மருத்துவமனைக்குப் போக அந்த மக்கள் மறுத்தார்கள். போனவர்களை நடத்திய விதம் அப்படி. ஏன் போகவில்லை என்று அந்த அம்மையார் யாரையும் ஏசவில்லை. பனையோலை போன்ற நிக்காவு ஓலையால் குடிசைகள் போட்டு, நோயாளிகளை அங்கே வைத்துத் தாமே பணிவிடை செய்தார். 1918-ல் இன்புளுயன்சா வந்தது. நாடு முழுவதும் மாண்ட சுமார் 9,000 பேரில் 2,500 பேர் மாவோரிகள். அவர்களின் சாவு விகிதம் வெள்ளையரைப்போல் ஏழெட்டு மடங்கு. தாயும் தந்தையும் இழந்த ஏறத்தாழ நூறு குழந்தைகளைத் தெ புயா வாரியெடுத்து வளர்த்தார். பிறகு ஙாருவாவாஹியாவில் புதிய ஊர் அமைத்து, அங்கே தம் மக்களுக்கென மருத்துவமனை நடத்த எண்ணி மாஹினாராங்கி என்ற மண்டபத்தை எழுப்பினார். சுகாதார இலாகா அனுமதி தரவில்லை. 1929-ல் அது வரவேற்பு மண்டபமாகத் திறக்கப்பட்டது. நோயாளி வருவதற்குத் தயார், கட்டிடம் தயார், உழைக்கத் தெரிந்தவர் தயார். இலாகாவின் முத்திரை மட்டும் தயாரில்லை!

அந்த முத்திரையைக் கேட்டுக் காத்திராமல் நடந்த காரியம் ஒன்று உண்டு. அது பள்ளித் துறையில் நடந்தது. 1972 செப்டம்பரில் 30,000-க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்று பாராளுமன்ற வாயிலுக்குப் போயிற்று. தங்கள் மொழியைப் பள்ளியில் கற்பிக்கவேண்டும் என்பதுதான் கோரிக்கை. அரசினர் கொஞ்சம் கொடுத்தார்கள். கொடுத்தது ஊறுகாய் அளவு. மொழி பேசத் தெரிந்தவர்களோ ஆண்டுதோறும் இடுகாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மூத்தவர்கள் கூடிச் சிந்தித்தார்கள். தாத்தா பாட்டிக்கு மொழி தெரியும். பேரக் குழந்தைக்குக் கற்கும் வயது. இடையிலிருக்கும் தலைமுறைதான் ஊமை. இரு முனையையும் சேர்த்துக் கட்டினால்?

1982-ல் வெலிங்டன் அருகே வைனுயியோமாட்டாவில் முதல் 'கோஹங்கா ரியோ' தொடங்கிற்று. மொழிக் கூடு என்பது அந்தப் பெயரின் பொருள். கூடு என்ற சொல்லே போதும், விளக்கம் வேண்டா. ஓர் அறை, சில பாய்கள், போர்வைகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், நடுவே பாட்டிமார். வாசற்படியைத் தாண்டினால் மாவோரி மொழி தவிர வேறு மொழி கூடாது. நிர்வாகம் பெற்றோர் கையில், முடிவு குடும்பங்கள் கூடிய கூட்டத்தில். ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் கையிலில்லாத பாட்டிதான் தலைமையாசிரியை. அவளிடமிருக்கும் சான்றிதழை வழங்கக்கூடிய பல்கலைக்கழகம் அன்று நாட்டில் இல்லை. குழந்தையை விட்டுப்போக வந்த தாய், மாலையில் குழந்தை பேசுவது புரியாமல் வெட்கப்பட்டு, தானும் பாயில் உட்கார்ந்து கற்கத் தொடங்கினாள். 1993-ல் கூடுகள் 800-க்கு மேல். குழந்தைகள் 14,000-க்கு மேல்! ஹவாய்த் தீவினர் வந்து பார்த்துவிட்டுத் தங்கள் ஊரில் கூடு கட்டினார்கள். பின்லாந்தில் சாமி மக்கள் கட்டினார்கள்.

பள்ளியோடு சுகாதாரமும் கூட வந்தது. மாவோரிக் குழந்தைகளிடையே காதுக்குள் நீர் கட்டிச் செவி மந்தமாகும் நோய் மிகுதி. செவி கேளாத பிள்ளையை மந்தபுத்தி என்று வகுப்பில் கடைசி வரிசைக்குத் தள்ளுவது பழைய வழக்கம். கூடுகள் வந்தபின், செவிலியர் அங்கேயே வந்து காதைப் பார்க்க முடிந்தது. பாட்டியின் மடியிலிருக்கும் குழந்தை அழவில்லை, தாய் மிரளவில்லை. கல்வி இலாகா வேறு, சுகாதார இலாகா வேறு என்பது கோப்புகளுக்குத்தான் தெரியும். குழந்தையின் காதுக்குத் தெரியாது.

கூட்டில் வளர்ந்த குழந்தை ஆங்கிலப் பள்ளிக்குப் போனால் ஓராண்டில் மொழியை இழந்தது. அதனால் 1985-ல் ஆக்லாந்தின் மேற்கே ஹோவானி வைட்டிட்டி மராயேயில் தாய்மொழி வழித் தொடக்கப் பள்ளி எழுந்தது. அரசின் அங்கீகாரம் 1989-ம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. இதற்கிடையே 1986-ல் விசாரணை மன்றம் தீர்ப்புரைத்தது: மாவோரி மொழி ஒரு தவோங்கா, அதைக் காப்பது ஒப்பந்தப்படி அரசின் கடமை! 1840-ல் எழுதிய சொல் 146 ஆண்டு கழித்து உயிர்பெற்று எழுந்தது. அடுத்த ஆண்டே அது ஆட்சிமொழிகளில் ஒன்றாயிற்று. தாய்மொழி வழியில் படித்தால் பிள்ளை பின்தங்கிவிடுவான் என்று பயமுறுத்தினவர்களுக்கு ஒரு செய்தி: அந்நாட்டுக் கல்வி இலாகாவின் புள்ளிகளே, மாவோரி வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கில வழியில் படித்த மாவோரிப் பிள்ளைகளைவிட மேல்நிலைச் சான்றிதழ் பெறுவதில் முன்நிற்பதைக் காட்டிவருகின்றன. 2023-ம் ஆண்டுக் குடிக்கணக்கில் அம்மொழி பேசுவோர் 2 இலட்சத்து 13 ஆயிரத்துக்கு மேல்.

மருத்துவத் துறையிலும் இதே காற்று வீசிற்று. மேசன் டூரி என்ற மனநல டாக்டர் 1980-களின் தொடக்கத்தில் ஓர் உவமை சொன்னார். உடல்நலம் என்பது வீடு. அதற்கு நான்கு சுவர். உடல், உள்ளம், குடும்பம், 'வைருவா'. ஒரு சுவர் சாய்ந்தாலும் வீடு நில்லாது. வைருவா என்பதை ஆவி என்று மொழிபெயர்த்தால் நம்மவர் சிலர் முகம் சுளிப்பர். தன் முன்னோரோடும் தன் மலையோடும் ஆற்றோடும் ஒருவனுக்குள்ள உறவு என்று கொண்டால் பொருள் விளங்கும். நிலம் பறிபோன மக்களுக்கு எந்தச் சுவர் முதலில் இடிந்தது என்பதும் விளங்கும்.

அவர்கள் மொழியில் 'ஃபெனுவா' என்றொரு சொல். நிலம் என்பது ஒரு பொருள். பிள்ளைப்பேற்றில் வெளிவரும் நஞ்சுக்கொடி என்பது இன்னொரு பொருள். இரண்டுக்கும் ஒரே சொல்! குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியைக் குடும்பத்தின் நிலத்தில் புதைப்பது மரபு. அந்த மண்ணோடு அந்தப் பிள்ளையைப் பிணைக்கும் முடிச்சு அது. மருத்துவமனைகளோ பல்லாண்டு காலம் அதைக் குப்பையோடு சேர்த்து எரித்தன. கேட்டு வாங்க அந்தத் தாய்க்குத் துணிவில்லை. கேட்கவேண்டும் என்று செவிலிக்குத் தோன்றவில்லை. இன்று கேட்டுக் கொடுக்கிறார்கள். இதற்கு ஒரு காசு கூடுதலாகச் செலவாகவில்லை என்பதைக் கணக்கு மேதைகள் குறித்துக்கொள்ளலாம்.

அந்தச் செவிலிக்கு அது தோன்றும்படி செய்த பெருமை, தாமும் செவிலியாகிய இரிஹாபெட்டி ராம்ஸ்டன் அம்மையாருடையது. 1988-ல் செவிலியர் பயிற்சி பற்றிய கூட்டமொன்றில் இளம் மாவோரி மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாளாம்: சட்டப் பாதுகாப்பு என்கிறீர்கள், அறப் பாதுகாப்பு என்கிறீர்கள், பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே என்று. அந்தக் கேள்வியை ராம்ஸ்டன் கொள்கையாக வளர்த்தார். 1992-ல் செவிலியர் மன்றம் அதனைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. பத்திரிகைகள் பாய்ந்தன, பாராளுமன்றக் குழு வரைக்கும் புகார் போயிற்று. ஏன் அவ்வளவு ஆத்திரம்? அவர் சொன்னதில் ஒரு முள் இருந்தது. மாவோரி வழக்கங்களை நான்கு பக்கம் மனப்பாடம் செய்துவிட்டால் போதாது. செவிலி தன் அதிகாரத்தைத் தானே உணரவேண்டும். பணிவிடை பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்லவேண்டியவர் நோயாளி என்றார் அவர். வணக்கம் சொல்லக் கற்றுக்கொள்ள எவரும் தயார். தீர்ப்புச் சொல்லும் உரிமையைக் கைமாற்றத்தான் மனம் வரவில்லை.

இனி ஒரு தொட்டிலின் கதை. இரவில் தூங்கும்போதே கைக்குழந்தை காரணம் தெரியாமல் இறந்துபோவது மாவோரிக் குடும்பங்களில் மிகுதியாக இருந்தது. கருவுற்ற காலத்தில் தாய் புகைபிடித்திருந்தால், அந்தக் குழந்தை பெரியவர்களோடு ஒரே படுக்கையில் கிடப்பது ஆபத்து என்று ஆராய்ச்சி காட்டிற்று. அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள்: குழந்தையைப் பக்கத்தில் போடாதே! சுவரொட்டி ஒட்டினார்கள். தாய்மார் கேட்கவில்லை. தாயின் பக்கத்தில் குழந்தை கிடப்பது அவர்களுக்குப் பழக்கமல்ல, பாசத்தின் இலக்கணம். நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது?

டாக்டர் டேவிட் டிப்பெனே லீச் என்ற மாவோரி டாக்டரும், கிஸ்பர்ன் பகுதி நெசவுப் பெண்களும் சேர்ந்து 2006-ம் ஆண்டு வாக்கில் வேறு வழி கண்டார்கள். ஹரகேகே என்ற நார்ச்செடியின் இலையைக் கீறிப் பின்னிய ஆழமில்லாத கூடை, பெயர் வஹகுரா. கூடையைப் பெற்றோரின் படுக்கையிலேயே வை. குழந்தையைக் கூடையில் வை. பக்கத்திலும் கிடக்கும், தனியாகவும் கிடக்கும்! அதோடு நிற்கவில்லை. கருவுற்ற பெண்கள் கூடையைத் தாங்களே பின்னக் கூடினார்கள். கை பின்ன, வாய் பேச, மல்லாக்கப் படுக்கவைப்பது எப்படி, புகையை விடுவது எப்படி என்ற பேச்செல்லாம் அங்கே நடந்தது. சுவரொட்டி பத்தாண்டு கத்தியும் ஏறாத செய்தி, நாரோடு நாராய் ஏறிற்று. பிறகு முறைப்படி சோதனை நடத்திப் பார்த்தார்கள். தனித் தொட்டிலைவிடக் கூடை எவ்வகையிலும் ஆபத்தானதல்ல என்று தெரிந்தது. கூடைக் குழந்தைகளிடையே ஆறாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பது ஏறத்தாழ இருமடங்கு. கூடையும், அதைப் பார்த்துச் செய்த பிளாஸ்டிக் பெட்டிகளும் பரவிய ஆண்டுகளில் குழந்தைச் சாவு குறைந்தது. மாவோரிக் குழந்தைகளிடையே நன்றாகவே குறைந்தது.

கூடை பின்ன எந்த அமைச்சரவை உத்தரவிட்டது? எதுவுமில்லை. ஆனால் ஊர் ஊராக அதைக் கொண்டுசெல்லப் பணம் வேண்டும். பணம் அமைச்சரவையிடம் இருக்கிறது. எங்கே எவ்வளவு, எந்த ஊருக்கு, யார் மூலம் என்று தீர்மானிக்கும் சாவியும் அங்கேதான் இருந்தது. 1990-களிலிருந்து மாவோரி மக்களே நடத்தும் மருத்துவ நிலையங்கள் நூற்றுக்கணக்கில் வளர்ந்தன. ஆனாலும் ஆண்டுக்காண்டு ஒப்பந்தத்துக்குக் கையேந்தி நிற்கும் நிலை. 2019-ல் விசாரணை மன்றம் பல நாள் கேட்டு ஆராய்ந்து, ஆரம்ப மருத்துவத் துறையில் அரசு ஒப்பந்தத்தை மீறியிருக்கிறது என்று சொல்லியே விட்டது. அப்போது மாவோரிக்கும் மற்றவர்க்கும் ஆயுள் வித்தியாசம் ஏறத்தாழ ஏழு ஆண்டு. 2021-ல் கொரோனாத் தடுப்பூசி வந்தபோது வயது வரிசைப்படி முதியோர்க்கு முதலில் என்றார்கள். கேட்கச் சமத்துவம்போல இருக்கிறது. மாவோரிகளில் முதியோர் குறைவு, இளையோர் மிகுதி. ஆகவே வரிசையின் கடைசியில் நின்றார்கள். பிறகு அவர்களுடைய நிலையங்களே வண்டி கட்டிக்கொண்டு மராயே மராயேயாகப் போய் ஊசி போட்ட பின்தான் எண்ணிக்கை ஏறிற்று.

இந்த அனுபவங்களின் விளைவாக 2022 சூலை முதல் நாள் பிறந்தது தெ அக்கா வாய் ஓரா என்னும் மாவோரி சுகாதார ஆணையம். மாவோரி மக்களுக்கான மருத்துவச் சேவையைத் தாங்களே திட்டமிட்டு, தாங்களே பணம் ஒதுக்கி நடத்தும் அமைப்பு. சாவி முதன்முறையாகக் கைமாறிற்று.

2023 தேர்தலில் ஆட்சி மாறியது. நேஷனல் கட்சித் தலைமையில் வந்த கூட்டணி, ஆணையத்தைக் கலைப்போம் என்று முன்பே சொல்லியிருந்தது. சொன்னபடி செய்தது, அதைக் குறை கூறமுடியாது. செய்த முறைதான் நம்மை வியக்கவைக்கிறது. 2024 பிப்ரவரி 29-ம் நாள் விசாரணை மன்றம் இதுபற்றி அவசரமாகக் கேட்பதாக இருந்தது. அதற்கு முன்னதாக, அதே வாரத்தில், அவசர நடைமுறையில் மசோதாவை நுழைத்து நிறைவேற்றிவிட்டார்கள். மன்றம் வாயைத் திறக்குமுன் வழக்கே முடிந்தது! இளந்தலைமுறையைப் புகையிலையிலிருந்து நிலையாக மீட்க 2022-ல் இயற்றிய சட்டத்தை ரத்து செய்ததும் அதே பிப்ரவரியில்தான். சூன் 30-ல் ஆணையத்தின் கதவு சாத்தப்பட்டது. இரண்டாண்டுக் குழந்தை. நவம்பரில் விசாரணை மன்றம், கலைத்தது ஒப்பந்த மீறல் என்றது. சொல்லத்தான் அதற்கு அதிகாரம், தடுக்க அதிகாரமில்லை.

கலைத்தவர்கள் சொல்லும் நியாயத்தையும் கேட்போம். 'தேவையைப் பார்ப்போம், இனத்தைப் பாரோம்' என்கிறார்கள். இனிக்கும் வாசகம். குடல் புற்றுநோய்ச் சோதனையில் இந்த வாசகம் என்ன செய்தது என்று பாருங்கள். மாவோரி மக்களுக்கு அந்நோய் இளவயதிலேயே வருகிறது. ஆகவே அவர்களுக்கும் பசிபிக் தீவினருக்கும் 50 வயதிலேயே இலவசச் சோதனை தொடங்க முந்தைய ஆட்சியில் ஏற்பாடாயிருந்தது. 2024 டிசம்பரில், அந்தப் பணத்தைத் திருப்பி, எல்லோருக்கும் 60 என்றிருந்த வயதை எல்லோருக்கும் 58 ஆக்குவோம் என்று அறிவித்தார்கள். ஏழாண்டு முன்னதாகச் சாகிறவனுக்கும் ஏழாண்டு கழித்துச் சாகிறவனுக்கும் ஒரே வயது! தேவையைப் பார்க்கிறோம் என்றவர்கள் பார்த்த தேவை எது? நோய் எந்த வயதில் வருகிறது என்பது தேவையில்லையா?

இன்னொரு வாதமும் உண்டு. கலைக்கப்பட்ட ஆணையம் ஈராண்டில் எதைச் சாதித்தது என்று கேட்கிறார்கள். ஆணையத்தில் குறையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆளெடுப்பதற்கும் வேலை தொடங்குவதற்குமே முதலாண்டு போயிற்று. ஆனால் 1840 முதல் 2022 வரை 182 ஆண்டுக் காலம் சாவியை வைத்திருந்தவர்களிடம் இந்தக் கேள்வியை எவரும் இவ்வளவு அவசரமாகக் கேட்டதில்லையே!

மக்கள் பதில் சொன்னார்கள். வைட்டாங்கி ஒப்பந்தத்தின் கோட்பாடுகளையே திருத்தி எழுதும் மசோதா ஒன்றும் வந்தபோது, வடகோடியிலிருந்து புறப்பட்ட பேரணி 2024 நவம்பர் 19-ம் நாள் பாராளுமன்றத்தின் முன் நிறைந்து நின்றது. பாட்டிகள், கூட்டில் வளர்ந்து இன்று தாங்களே தாயாகிவிட்ட பெண்கள், முதுகில் கட்டிய குழந்தைகள், மாவோரியல்லாத பல்லாயிரவர். போலீசாரின் மதிப்பு 42,000 பேர். 1896-ல் நாடு முழுவதிலும் எஞ்சியிருந்த மாவோரிகளின் எண்ணிக்கையும் அதுவே. தலையணை சரிசெய்யக் காத்திருந்தார்களே, அந்த எண்ணிக்கை! 2023-ம் ஆண்டுக் கணக்கில் அவர்கள் 8 இலட்சத்து 87 ஆயிரம் பேர்.

2025 ஏப்ரல் 10-ம் நாள் அந்த மசோதா 112-க்கு 11 என்ற வாக்குகளில் தோற்றது. பார்வையாளர் மாடத்திலிருந்து பாட்டு எழுந்தது. வெளியே வந்தவர்கள் ஒருவரையொருவர் மூக்கோடு மூக்கு ஒற்றி வாழ்த்திக்கொண்டார்கள். சுகாதார ஆணையத்தின் கதவு அந்த வாக்கினால் திறந்துவிடவில்லை.